ரிப்போர்ட் போட்டாச்சு, படிக்கத்தான் ஆள் இல்ல. ஆய்வை எப்படிங்க மக்கள்கிட்ட கொண்டு போறது?

நகராட்சிக்கணக்கு:

வணக்கம் மக்களே. ரொம்ப காலமா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் போற ஆள் நான், இன்னைக்கு ஒரு கேள்வியோட வந்திருக்கேன். சென்னைல ஒரு சின்ன பாலிசி ரிசர்ச் அமைப்புல வேலை, பேர் வேணாம். நகராட்சிகளோட வரவு செலவு பத்தி பெரிய ரிப்போர்ட் ஒண்ணு போட்டோம். 2022 ஏப்ரல்ல சொத்து வரிய 25%லருந்து 150% வரைக்கும் ஏத்துனாங்களே, அது ஏன், அதுக்கு முன்னாடி சென்னைல 1998லயும் மத்த ஊர்கள்ல 2008லயும்தான் கடைசியா திருத்தினாங்க, நடுவுல 2018ல ஏத்திட்டு 2019 நவம்பர்ல நிறுத்தி வச்சாங்க, மத்திய அரசோட வரிய மாநிலங்களுக்கு எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்ற 15வது நிதிக்குழு வேற சொத்து வரிய ஒழுங்கு பண்ணாத மாநிலத்துக்கு நகர்ப்புற மானியம் கிடையாதுன்னு நிபந்தனை போட்டுச்சு, இப்படி எல்லாமே அதுல இருக்கு. தொண்ணூறு பக்கத்துக்கு மேல, இங்கிலீஷ்ல, பின்னாடி அட்டவணை தனி.

வெளியீட்டு விழாவும் நடந்துச்சு. ஓட்டல் ஹால், ஓய்வு பெற்ற ஐஏஎஸ் ஒருத்தர் தலைமை, பொன்னாடை, பவர்பாயின்ட், அப்புறம் சமோசா. வந்தவங்க எல்லாம் எங்க கூட்டம் போட்டாலும் வர்ற அதே முகங்க. மறுநாள் ஒரு பேப்பர்ல உள்பக்கத்துல நாலு வரி, அதோட சரி. வெப்சைட்ல பிடிஎஃப் கிடக்கு, டவுன்லோடு பண்ணதுல பாதி எங்க ஆபீஸ் ஆளுங்களாத்தான் இருக்கும்.

இப்போ ப்ரொபோசல்ல டிஸெமினேஷன்னு, அதாவது ஆய்வ பரப்பறதுக்குன்னு, போட்டிருந்த காசு கொஞ்சம் மிச்சம் இருக்கு, மார்ச்சுக்குள்ள செலவு பண்ணணும். டைரக்டர் இன்ஃபோகிராஃபிக் போடலாங்கறார், ஜூனியர் பசங்க ரீல்ஸ்ங்கறாங்க, இன்னொருத்தர் டிவி விவாதத்துக்கு போங்கறார். எங்கப்பாகிட்ட மொத்த ரிப்போர்ட்டையும் கதை மாதிரி சொல்லிப் பாத்தேன், பொறுமையா கேட்டுட்டு "சரி, வரி குறையுமா குறையாதா"ன்னார்.

யார்கிட்ட, எந்த வடிவத்துல, எப்போ கொண்டு போனா நிஜமாவே யாராவது எடுத்துப் பயன்படுத்துவாங்க? இதுல அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க. "எளிமையா எழுதுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், அத எல்லாரும் சொல்லிட்டாங்க.


பழைய_டெஸ்க்:

தம்பி, என்ன எழுதினீங்கன்னு இவ்வளவு சொன்னீங்க, எப்போ வெளியிட்டீங்கன்னு சொல்லவே இல்ல பாத்தீங்களா. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நான் தமிழ் பேப்பர் டெஸ்க்ல ரொம்ப காலம் குப்பை கொட்டினவன். ரிப்போர்ட்டுங்க மெயில்ல வந்து விழுந்துட்டே இருக்கும், நல்லதும் இருக்கும், ஆனா ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை "நகராட்சி நிதிநிலை குறித்த ஆய்வு"ன்னு ஒண்ணு வந்தா அத யாரு தொறப்பா? அதே சொத்து வரி நோட்டீஸ் வீட்டுக்கு வீடு வந்திருக்கற வாரம்னா சாயங்காலம் ஆறு மணிக்கு நியூஸ் எடிட்டர் "இதப் பத்தி ஒரு பாக்ஸ் போடணும், தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா"ன்னு கத்துவார். அந்த ஆறு மணிக்கு யாரு போன் எடுக்கறாங்களோ அவங்கதான் மறுநாள் பேப்பர்ல நிபுணர். கசப்பா இருக்கும், ஆனா அப்படித்தான் நடக்குது.

டெல்லில பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச்னு ஒரு அமைப்பு, 2005ல ஆரம்பிச்சது, அவங்க இத ரொம்ப சரியா புரிஞ்சுக்கிட்டவங்க. மசோதா தாக்கல் ஆனா சூட்டோட சூடா ஒண்ணு ரெண்டு பக்கத்துக்கு சுருக்கம் வந்துரும், அப்புறமா ஒரு அலசல் வரும், எந்தப் பிரிவுல சிக்கல், ஏற்கனவே இருக்கற சட்டத்தோட எங்க இடிக்குதுன்னு. ஆதரிங்க, எதிர்த்து ஓட்டு போடுங்கன்னு ஒரு வார்த்தை இருக்காது. அதனாலதான் ஆளுங்கட்சி எம்பியும் எடுத்துக்கறார், எதிர்க்கட்சி எம்பியும் எடுத்துக்கறார். எங்கள மாதிரி டெஸ்க்ல இருக்கறவனும் கூச்சமில்லாம அதப் பாத்துத்தான் எழுதுவான். கூட்டத்தொடர் முடியறப்போ ஒரே பக்கத்துல புள்ளிவிவரம் போடுவாங்க. 15வது மக்களவைல 71% மசோதா எம்பிக்கள் உக்காந்து அலசற நிலைக்குழுவுக்குப் போச்சு, 17வது மக்களவைல 16%தான்னு அவங்க கணக்கு, அத நீங்க எத்தனை தலையங்கத்துல பாத்திருப்பீங்க! அந்த ரெண்டு எண்ணுக்குப் பின்னாடி பல வருஷ உழைப்பு இருக்கு, ஆனா பேப்பர்காரனுக்குத் தேவைப்பட்டது அந்த ரெண்டு எண்தான், அதுவும் சபை முடியற நேரத்துல.

பிரிட்டன்ல ஐஎஃப்எஸ் (இன்ஸ்டிட்யூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ்)னு 1969லருந்து ஒரு ஆய்வு அமைப்பு இருக்கு, பட்ஜெட்டுக்கு மறுநாள் அவங்க என்ன சொல்றாங்கன்னு அந்த ஊரே காத்திருக்கும். இவங்க யாரும் ரிப்போர்ட்ட எழுதிட்டு அதுக்கு விழா தேதி தேடறதில்ல, தேதிய முன்னாடியே குறிச்சு வச்சிட்டு அதுக்குத் தயாரா இருக்காங்க.

உங்க விஷயத்துக்கு காலண்டர் கைலயே இருக்கே. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவ. ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5% ஊக்கத்தொகைன்னு சென்னை மாநகராட்சி ஆட்டோல கூட அறிவிப்பு பண்ணும். அப்புறம் மாமன்ற பட்ஜெட் கூட்டம். இந்த மூணு நேரத்துலயும் நடுப்பக்கத்துக்கு எழுநூறு வார்த்தைல ஒரு கட்டுரை அனுப்புங்க, மத்த நாள்ல போன எடுங்க. டிஸெமினேஷன் காசுல விழா எடுக்கறத நிறுத்துங்க முதல்ல.


நகராட்சிக்கணக்கு:

நன்றிண்ணே. தம்பி இல்ல, தங்கச்சி. வெளியிட்டது டிசம்பர் மூணாவது வாரம், சென்னைல மியூசிக் சீசன், வந்த ஐஏஎஸ் சாரே பாதில கச்சேரிக்குக் கிளம்பிட்டார் :)

ஆனா ஒரு சந்தேகம். ரெண்டு எண்ணு ரெண்டு எண்ணுன்னு சொல்றீங்க. எங்க ரிப்போர்ட்ல இருந்து ஒரே ஒரு எண்ண பிச்சு வெளிய விட்டா அத யார் எப்படி இழுத்துட்டுப் போவாங்களோன்னு பயமா இருக்கு. தமிழ்நாடு அரசு தன்னோட நிதிநிலை பத்தி விட்ட வெள்ளை அறிக்கை சமயத்துல பாத்தோமே.


வகுப்பறை_வாத்தியார்:

சகோதரி, அந்த பயம் நியாயமானது. கல்லூரில பொருளாதாரம் எடுக்கறேன், வெள்ளை அறிக்கைய வகுப்புலயே உதாரணமா சொல்வேன்.

2021 ஆகஸ்ட் 9, அப்போ நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் வெளியிட்டார். வருவாய் பற்றாக்குறை எப்போ எப்படி வந்துச்சு, மின்வாரிய நஷ்டம், போக்குவரத்துக் கழக நஷ்டம், திருத்தாம விட்ட வரிகள்னு நிறைய விஷயம் அதுல. ஊருக்குள்ள நின்னது எது? குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன். டீக்கடைல, பஸ்ல எல்லாம் அதே பேச்சு. நாமக்கல் பக்கம் ஒருத்தர் என் குடும்பத்துப் பங்கு இதுன்னு அந்தத் தொகைக்கு செக் எழுதிக்கிட்டு அதிகாரிகிட்ட கொடுக்கவே போயிட்டார், பேப்பர்ல வந்துச்சு. அவர நான் கிண்டல் பண்ண மாட்டேன், சொன்னத அப்படியே நம்பி, நேர்மையா நடந்துக்கிட்டார் மனுஷன். ஆனா மாநிலக் கடன் அப்படி வீட்டுக்கு வீடு பிரிச்சுக் கட்டற கடன் இல்லியே. மாநிலத்தோட மொத்த உற்பத்தில எத்தனை சதவீதம், வட்டிக்கு வருமானத்துல எவ்வளவு போகுது, வாங்கின கடன் சம்பளத்துக்குப் போச்சா பாலத்துக்குப் போச்சா, அதுதான் கேக்க வேண்டியது. எண் ஒட்டிக்கிச்சு, விளக்கம் ஒட்டல.

இன்னொண்ணு, அந்த 29 பைசா. நாம ஒரு ரூபா கொடுத்தா மத்திய அரசு 29 பைசாதான் திருப்பித் தருதுன்னு மேடைல சொல்றாங்க. இதுக்கு ஆதரவா பேசறவனும் எதிர்த்துப் பேசறவனும் கணக்கத் தொறந்து பாக்கறதே இல்ல. வருமான வரியும் கம்பெனி வரியும் எங்க கட்டறாங்களோ அந்த மாநிலக் கணக்குல ஏறும், ஃபேக்டரி ஒரு ஊர்ல இருக்கும் ஹெட் ஆபீஸ் மும்பைல இருக்கும். திரும்பி வர்றதுலயும் வரிப்பகிர்வ மட்டும் எடுத்துக்கறதா, மானியமும் சேருமா, ரேஷனுக்கு வர்ற அரிசிய எதுல வைக்கறது, ரயில்வே செலவ எதுல வைக்கறது? அடுத்தது செஸ், சர்சார்ஜ்னு மத்திய அரசு வரிக்கு மேல போடற கூடுதல் வரி. அது மாநிலங்களோட பகிர்ற தொகுப்புக்குள்ள வர்றதே இல்ல, அதுல மாநிலங்களோட புகார் நியாயமானதுதான்.

நானா இருந்தா 29 பைசாவ விட்டுட்டு வேற ரெண்டு எண்ண எடுப்பேன். 2011 கணக்கெடுப்புல நாட்டு மக்கள்தொகைல தமிழ்நாடு ஏறக்குறைய 6%. 15வது நிதிக்குழு கொடுத்த வரிப்பங்கு 4.079%. உத்தரப் பிரதேசம் மக்கள்தொகைல பதினாறரை சதவீதம், பங்கு 17.939%. இத யாரும் மறுக்க முடியாது, யாரு வேணா சரிபாக்கலாம். அடுத்த வரிலயே காரணத்தயும் சொல்லிருவேன்: அந்த 15வது குழு பங்கு பிரிச்ச சூத்திரத்துல 45% எடை தனிநபர் வருமான இடைவெளிக்கு, ஏழை மாநிலத்துக்கு அதிகம் போகணும்னே அத அப்படி வச்சிருந்தாங்க, மக்கள்தொகைய கட்டுப்படுத்தினதுக்குன்னு 12.5% வச்சும் நம்ம பங்கு 13வது நிதிக்குழு காலத்து 4.969%க்குத் திரும்பல. அந்த எடை நியாயமா இல்லையான்னு இப்போ சண்டை போடுங்க, அது நல்ல சண்டை.

எண்ண வெளிய விடறதுக்கு முன்னாடி நான் பசங்களுக்கு சொல்ற சோதனை இதுதான். இதக் கேட்ட மனுஷன் அடுத்து என்ன கேப்பான், இல்ல அடுத்து என்ன பண்ணுவான்? அதுக்கு பதில் உங்ககிட்ட அதே தாள்ல இருக்கா? உங்கப்பா கேட்டது அந்த மாதிரி அடுத்த கேள்விதான், அதுக்கு ரிப்போர்ட்ல எந்தப் பக்கத்துல பதில் இருக்கு?


வார்டு_ஆபீஸ்:

நான் படிச்சவன் இல்ல, ஆனா நீங்க எழுதின விஷயத்துல தினமும் உழன்டுட்டு இருக்கறவன். எங்க அண்ணி நகராட்சி கவுன்சிலர். (அண்ணன்தான் எல்லாம் பாக்கறார்னு நினைக்காதீங்க, மன்றத்துக்கு அண்ணிதான் போவாங்க, அவங்க பேசினா சேர்மனே கொஞ்சம் நகந்து உக்காருவார்.) நான் ஆபீஸ் வேலை, போன், மனு எழுதறது இதெல்லாம் பாக்கறேன்.

வரி ஏறினப்ப எங்க வீட்டு வாசல்ல நின்ன கூட்டத்த நீங்க பாத்திருக்கணும். ஆளாளுக்கு கைல ரசீது. பழைய ரசீது ஒரு கைல, புது நோட்டீஸ் ஒரு கைல. "நிதிக்குழு நிபந்தனை"ன்னு அண்ணி சொன்னாங்க, ஒரு பாட்டி "அந்தக் குழுவ எங்க தெருவுக்கு வரச் சொல்லும்மா, தண்ணி எப்ப வருதுன்னு காட்டறேன்"ன்னுச்சு. என்னத்த சொல்ல.

அன்னைக்கு எங்க கைல என்ன இருந்திருக்கணும்னா ஒரே ஒரு தாள். 600 சதுர அடிக்குள்ள இருந்தா 25%, 1200 வரைக்கும் 50%, 1800 வரைக்கும் 75%, அதுக்கு மேல 100%, எங்க ஊர்க்கணக்கு அதுதான். இத ரூபாய்ல போடணும்: உங்க வீடு 1100 சதுர அடி, அரையாண்டுக்கு ஆயிரம் கட்டிட்டு இருந்தீங்க, இனிமே ஆயிரத்து ஐநூறு. இந்த வரில நம்ம ஊருக்கு மொத்தம் இவ்வளவு வரும், துப்புரவுக்கு இவ்வளவு, தெருவிளக்கு கரண்ட் பில்லுக்கு இவ்வளவு, மீதி என்ன. பாட்டி கேட்ட தண்ணிக்கு தனியா ஒரு லைன். பெரிய எழுத்துல, தமிழ்ல, கண்ணாடி போடாம படிக்கிற மாதிரி. அது இருந்திருந்தா திட்டு வாங்கியிருக்க மாட்டோம்னு சொல்லல, திட்டு கொஞ்சம் சரியான இடத்துக்குப் போயிருக்கும்.

2022 நவம்பர் 1லருந்து ஏரியா சபைன்னு நகரத்துலயும் கூட்டம் போடறாங்க, கிராம சபை மாதிரி. உங்க ஆளுங்க யாராவது வந்திருக்கீங்களா அதுக்கு? சமோசா கிடைக்காது, ஆனா கேள்வி கேக்கற சனம் வரும்.

அப்புறம் ஒரு ரகசியம் சொல்றேன். கவுன்சிலருக்கு "மாநில சராசரி"ங்கறது ஒண்ணும் ஏறாது. "பக்கத்து நகராட்சில வரி வசூல் இத்தன சதவீதம், நம்மள்து இத்தன, அவங்க அந்தக் காசுல இத்தன தெருவுக்கு ரோடு போட்டாங்க"ன்னு ஒரு அட்டவணை குடுங்க, அடுத்த மன்றக் கூட்டத்துலயே எந்திரிச்சு நிப்பாங்க. பொறாமைய விட நல்ல பெட்ரோல் கிடையாது நகராட்சி அரசியல்ல.


யாரு_காசு:

எல்லாரும் எப்படி கொண்டு போறதுன்னே பேசறீங்க. கேக்கறவன் ஏன் நம்பணும்? அத யாரும் பேசல.

டிவில "பொருளாதார நிபுணர்"னு போடறாங்க, "அரசியல் விமர்சகர்"னு போடறாங்க, அவரு எந்தக் கட்சிக்கு ஆலோசகர், எந்தக் கம்பெனிக்கு கன்சல்டிங் பண்றார்னு கீழ பட்டைல வருதா? வராது. நாலு பேர உக்கார வச்சு ஆளுக்கு ஒன்றரை நிமிஷம், நடுவுல விளம்பரம். ஆய்வாளர் ஒருத்தர் "இதுல ரெண்டு விஷயம் இருக்கு"ன்னு ஆரம்பிச்சா நெறியாளர் "ஆமாவா இல்லையா"ங்கறார். அந்த மேடைக்குப் போய் நகராட்சி நிதிய விளக்கப் போறீங்களா தோழர்? போகாதீங்க.

உங்க ரிப்போர்ட்டுக்கு காசு கொடுத்தது யாரு? வரி ஏத்தணும்னு சொல்ற பெரிய நிதி நிறுவனமா? இருந்தா தப்பில்ல, ஆனா முதல் பக்கத்துலயே போடுங்க, பின்னட்டைல லோகோவா ஒளிச்சு வைக்காதீங்க. தமிழ் ஒரு பக்கச் சுருக்கத்துல மட்டும் அது காணாமப் போயிரும், பல தடவ பாத்துட்டேன்.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கு. டெல்லில சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச், பழைய நிறுவனம், அவங்க வெளிநாட்டு நிதி வாங்கற உரிமத்த மத்திய அரசு 2023 பிப்ரவரில நிறுத்தி வச்சு 2024 ஜனவரில ரத்தே பண்ணிருச்சு. காரணங்கள்ல ஒண்ணு என்னன்னு அந்த நிறுவனமே அறிக்கைல சொல்லிச்சு: ஆய்வுல இருந்து வந்த கொள்கை அறிக்கைகள வெப்சைட்ல போட்டத நடப்புச் செய்தி நிகழ்ச்சி நடத்தறதுக்கு சமம்னு அரசு எடுத்துக்கிச்சாம். யோசிச்சுப் பாருங்க. ஆய்வு பண்ணி பூட்டி வச்சா பிரச்சினை இல்ல, வெளிய போட்டா பிரச்சினை. அதனால வெளிநாட்டுக் காசு வாங்கற அமைப்பா இருந்தா ரீல்ஸ் போடறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. கிண்டலுக்கு சொல்லல.


பழைய_டெஸ்க்:

மேல தோழர் சொன்னதுல டிவிய முழுசா ஒதுக்கறது சரின்னு எனக்குப் படல. ராத்திரி விவாதம் வேணாம், சரி. காலைல ஒருத்தர மட்டும் உக்கார வச்சு பேசற நிகழ்ச்சி இருக்கு, யூட்யூப்ல அரை மணி நேரம் விடற சேனல்கள் இருக்கு, ரேடியோ இருக்கு. ஆனா ஃபண்ட் விஷயத்த வெளிப்படையா சொல்றதுல நூத்துக்கு நூறு உடன்படறேன். கட்டுரைக்குக் கீழ ஒரு வரி போதும். டெஸ்க்ல இருக்கறவன் அந்த வரியப் பாத்தா உங்க மேல மரியாதை கூடும்.


வன்னித்தம்பி:

நான் இலங்கையில கிளிநொச்சிப் பக்கம். உங்கட திரியை வாசிச்சுக்கொண்டு வரேக்க எங்கட உரப் பிரச்சினைதான் ஞாபகம் வந்தது, அதாலதான் எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போகும், குறை நினைக்காதேங்கோ.

2021 ஏப்ரலில இரசாயனப் பசளை இறக்குமதியை அப்பிடியே தடை செய்தவை. நாடு முழுக்க ஒரே அடியா சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாற வேணும் எண்டு. விவசாய விஞ்ஞானிகள், விவசாயப் பொருளியல் படிச்ச ஆக்கள் எல்லாரும் இது விளைச்சலைக் குறைக்கும் எண்டு சொன்னவை, எழுதினவை, சனாதிபதிக்குக் கடிதமும் போட்டவை. ஆரும் கேக்கேல்ல. பிறகு நவம்பரில தடையை எடுத்தவை, அதுக்குள்ள காலபோகத்துக்கு, எங்கட பெரிய நெல் போகத்துக்கு, விதைச்ச சனத்தின்ர பாடு எங்களுக்குத்தான் தெரியும். கமநல சேவை நிலையத்தில யூரியா இல்லை, வெளியில கறுப்புச் சந்தையில வாங்கேலாத விலை, வயல் மஞ்சளாப் போய்க் கிடந்தது.

அந்த நேரம் கொழும்பில இருக்கிற வெரிட்டே ரிசர்ச் எண்ட ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கெடுப்புச் செய்தது, நாடு முழுக்க விவசாயிகளிட்டக் கேட்டு. அதில வந்த முடிவுதான் எனக்குப் பிடிச்சது. விவசாயியளில அரைவாசிக்கு மேற்பட்ட ஆக்கள் சேதன விவசாயத்துக்கு எதிரி இல்லை, ஆதரவு எண்டுதான் சொன்னவை, ஆனா அதுக்கு ஒரு வருசத்துக்கு மேல கால அவகாசம் வேணும் எண்டவை, எப்பிடிச் செய்யிறது எண்ட அறிவு தங்களிட்ட இல்லை எண்டும் சொன்னவை. பாருங்கோ, அரசாங்கம் "எதிர்க்கிறவை உரக் கம்பனிக்காரற்ற ஆக்கள்" எண்டு கதைச்சுக்கொண்டிருக்க, இந்த முடிவு அந்தக் கதையை உடைக்குது. தடையை எடுக்க வச்சது அந்த ஆய்வு எண்டு நான் சொல்லேல்ல, வெறும் வயலும் வீதிக்கு இறங்கின சனமும்தான் எடுக்க வச்சது. ஆனா எங்கட கமக்கார அமைப்புக் கூட்டத்தில ஒரு அண்ணர் அந்த முடிவை பேப்பரில இருந்து வாசிச்சுக் காட்டினார், அதிகாரி வாய் திறக்கேல்ல. தாங்கள் மனசுக்குள்ள நினைச்சதை கொழும்பில ஆரோ எண்ணிக் கணக்காப் போட்டிருக்கினம் எண்டு சனத்துக்கு ஒரு தைரியம்.

அதே ஆக்கள் மந்திரி டாட் எல்கே எண்டும் ஒண்டு நடத்தினம், பாராளுமன்றத்தில எந்த உறுப்பினர் என்ன செய்யிறார் எண்டு மூண்டு மொழியிலயும் போடுவினம். மூண்டு மொழி எண்டது எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. 2022இல நாடு கடனைக் கட்டேலாது எண்டு அறிவிச்ச நேரம், பொருளாதாரத்தைப் பற்றின நல்ல விளக்கம் கனக்க ஆங்கிலத்திலதான் வந்தது. தமிழில எங்களுக்கு வந்தது வாட்ஸப் வதந்திதான். பெற்றோல் லைனில நிண்டுகொண்டு அதைத்தான் வாசிச்சம்.

தங்கச்சி, நான் சொல்ல வாறது என்னெண்டா, சனத்துக்குச் சொல்லிக்குடுக்கிற மாதிரி எழுதாதேங்கோ. சனம் ஏற்கெனவே சொல்லுறதில எது கணக்கில நிக்குது எண்டு எண்ணிக் காட்டுங்கோ.


நகராட்சிக்கணக்கு:

அண்ணா, இத எங்க ஆபீஸ்ல ப்ரிண்ட் எடுத்து ஒட்டப்போறேன். எங்க ரிப்போர்ட்ல வரி கட்டறவங்ககிட்ட ஒரு சர்வே எடுத்தோம், ரசீதுல என்ன பிடிக்கலன்னு கேட்டோம், நிறைய பேர் தொகைய விட "எதுக்குப் போகுதுன்னு தெரியல"ன்னுதான் சொன்னாங்க. அத கடைசில பின்னிணைப்புல, அனெக்சர் நாலுல போட்டு வச்சிருக்கோம் :( அனெக்சர் நாலு!


களப்பணி_கண்மணி:

நான் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போறேன், கோவிச்சுக்காதீங்க. தகவல் கொடுத்துட்டா மாறிடும்னு நினைக்கறதே பெரிய மூடநம்பிக்கை.

ஏசர் தெரியும்ல? ப்ரதம் அமைப்பு 2005லருந்து கிராமத்துல வீடு வீடா போய் எடுக்கற கல்வி சர்வே. அஞ்சாவது படிக்கிற பிள்ளை ரெண்டாவது பாடத்த வாசிக்குமா, இவ்வளவுதான் கேள்வி. இதவிட எளிமையா ஒரு ஆய்வ சொல்லவே முடியாது, வாசல்ல உக்காந்து பிள்ளை திணறறத அம்மாவே கண்ணால பாக்கறாங்க. அதே ப்ரதம் கூட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ எல்லாம் சேர்ந்து உ.பி. ஜான்பூர் மாவட்டத்துல ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு பகுதி கிராமத்துல கூட்டம் போட்டு கல்விக் குழுவோட உரிமை என்னன்னு சொன்னாங்க. இன்னொரு பகுதில அதோட பிள்ளைங்க வாசிப்பு நிலவரத்தயும் ஊரே சேர்ந்து எடுக்க வச்சாங்க. மூணாவது பகுதில இதெல்லாத்தோட ஊர் இளைஞர்களுக்கு வாசிப்பு முகாம் நடத்த பயிற்சியும் குடுத்தாங்க. முதல் ரெண்டுலயும் பள்ளிக்கூடத்துல ஒரு மாற்றமும் இல்ல. மூணாவதுல முகாமுக்கு வந்த பிள்ளைங்க வாசிக்க ஆரம்பிச்சாங்க.

ஏன்னா அங்க கேக்கறவன் கைல செய்யறதுக்கு ஒரு வேலை இருந்துச்சு. முதல் ரெண்டுலயும் "உங்க பள்ளிக்கூடம் சரியில்ல"ன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க, அதுக்கு அப்பா அம்மா என்ன பண்ணுவாங்க, கமிட்டில போய் ஹெட்மாஸ்டர்கிட்ட சண்டையா போடுவாங்க?

அதனால வார்டு ஆபீஸ் அண்ணன் கேட்ட தாளுக்குக் கீழ ஒரு வேலையும் போடுங்க. நோட்டீஸ்ல வீட்டு அளவு தப்பா இருந்தா எந்த மனு, யார்கிட்ட, என்ன பேப்பர் இணைக்கணும். ஏரியா சபைல என்ன கேள்வி கேக்கலாம். இல்லன்னா அந்தத் தாள்ல வடை மடிப்பாங்க.


வகுப்பறை_வாத்தியார்:

ராஜஸ்தான்ல எம்கேஎஸ்எஸ்ங்கற தொழிலாளர் விவசாயிகள் அமைப்பு 1994லயே இத வேற மாதிரி பண்ணாங்களே கண்மணி. ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணைன்னு ஊர்ப் பொதுவுல பந்தல் போட்டு பஞ்சாயத்து வேலையோட மஸ்டர் ரோல, வேலைக்கு வந்தவங்க பேரும் கூலியும் இருக்கற பதிவேட்ட, வாசிச்சாங்க. இன்னார் இத்தனை நாள் வேலை செஞ்சார், இவ்வளவு கூலின்னு. கூட்டத்துல இருந்து "நான் அந்த வேலைக்கே போகல"ன்னு ஒரு குரல், "அவரு ஊர்லயே இல்ல"ன்னு இன்னொரு குரல். பகுப்பாய்வே கிடையாது, வெறும் பதிவேடு. தகவல் உரிமைச் சட்டம் 2005ல வந்ததுக்கு அந்தப் பந்தல்களுக்கும் பங்கு உண்டு. அங்க கேட்டவங்களுக்கு தங்க பேரே பதிவேட்டுல இருந்துச்சு, அதான் வித்தியாசம். மாவட்ட சராசரிய வாசிச்சிருந்தா பந்தல் காலியாயிருக்கும்.


நகராட்சிக்கணக்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டைரக்டர்கிட்ட இந்தத் திரியவே காட்டினேன். இன்ஃபோகிராஃபிக் கான்ட்ராக்ட நிறுத்தி வச்சிருக்கார், மனுஷன் முகம் கொஞ்சம் சுருங்கிச்சு. முடிவு பண்ணது: மூணு நகராட்சிக்கு மட்டும், ஊருக்கு ஒரு தாள், முன்பக்கம் வீட்டு அளவுவாரியா ரூபாய் கணக்கும் எதுக்குப் போகுதுங்கறதும், பின்பக்கம் பக்கத்து ஊரோட ஒப்பீடும் மனு கொடுக்கற வழியும். ஃபண்ட் கொடுத்தது யாருன்னு மேலயே. ஏப்ரல் முதல் வாரத்துக்கு முன்னாடி கவுன்சிலர்கள் கைல இருக்கணும். நடுப்பக்கக் கட்டுரை தனியா, அனெக்சர் நாலுல இருந்து. ரீல்ஸ் இப்போதைக்கு இல்ல, ஜூனியர் பசங்க என்கூட பேசறதில்ல.

வார்டு ஆபீஸ் அண்ணா, முதல் தாள உங்க ஊருக்கே போடலாமா? ஊர்ப் பேர தனி மெசேஜ்ல அனுப்புங்க.


வார்டு_ஆபீஸ்:

அனுப்பிட்டேன்மா. ஒண்ணு மட்டும், ஒப்பீட்டுக்கு எங்களுக்கு கிழக்கால இருக்கற நகராட்சிய எடுங்க, மேற்கால இருக்கறத எடுக்காதீங்க, அவங்க வசூல் எங்கள விட மோசம், அத வச்சு எங்க சேர்மன் பெருமை பேச ஆரம்பிச்சிருவார்.


யாரு_காசு:

ரெண்டையும் போடுங்க. ஒண்ண மட்டும் எடுத்தா நானே வந்து கேள்வி கேப்பேன்.